பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு ஏன் ஒளிர்கிறது?

முதலில் ஒரு புதிர்.

நன்றாக இருட்டிவிட்டது. பழைய கார் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. இக்னிஷன் சாவி திருப்பப்பட்டிருக்கிறது. விளக்குச் சுவிட்சு மட்டும் அணைந்திருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். காரின் பின்னால் பளிச்சென்று எரிய வேண்டிய பிரேக் விளக்குகள் எரியவில்லை. ஆனால் ஓட்டுநருக்கு எதிரே, டாஷ்போர்டில், வேகமானிக்கு வெளிச்சம் தரும் குட்டி பல்புகள் மங்கலாகச் சிவந்து ஒளிர்கின்றன! காலை எடுத்தால் அவை அணைகின்றன. மீண்டும் மிதித்தால் மீண்டும் ஒளிர்கின்றன.

பிரேக்குக்கும் டாஷ்போர்டு விளக்குக்கும் என்ன உறவு? பேய் வேலையா? இல்லை. பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதியின் வேலைதான்.

பழைய வண்டிகளும் மதுரையும்

மோட்டார் வண்டிக்கும் மதுரைக்கும் உள்ள தொடர்பு நெடியது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அப்பெயரைத் தாங்கிய டி.வி.எஸ். நகர் இன்றும் அங்கு உள்ளது. 1961இல் சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கப்பட்டு, வண்டிகளுக்கான டைனமோ, ஸ்டார்ட்டர் முதலிய மின்கருவிகள் இங்கேயே உருவாயின. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் கார்கள் பல ஆண்டுகள் மதுரையின் வாடகைக் கார்களாக ஓடின. அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. பழைய ஜீப்புகளும் வேன்களும் டிராக்டர்களும் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

வயதான வண்டிகளுக்கு மின்சாரக் கோளாறு மூட்டுவலி போன்றது. உண்மையில் அது மூட்டுகளில்தான், அதாவது இணைப்புகளில்தான் வருகிறது. சித்திரை வெயிலில் ஒயரின் உறை வெடிக்கிறது. கரிசல் காட்டுப் புழுதி விளக்குக்குள் புகுகிறது. ஐப்பசி மழையில் அந்தப் புழுதி ஈரமாகித் துருவை வளர்க்கிறது. போதாக்குறைக்கு எலி வேறு ஒயரைக் கடிக்கிறது.

ஒற்றை ஒயரின் இரகசியம்

மின்சாரம் பாய முழுமையான சுற்று வேண்டும் என்பதை அறிவீர்கள். பாட்டரியிலிருந்து போகும் பாதை ஒன்று. திரும்பி வரும் பாதை ஒன்று. ஆனால் வண்டியின் விளக்குகள் பலவற்றுக்கு ஒரே ஓர் ஒயர்தான் போகிறது. திரும்பும் பாதை எங்கே?

வண்டியின் இரும்பு உடலே திரும்பும் பாதை. பாட்டரியின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது எதிர்முனை. மெக்கானிக்குகள் இதை ‘எர்த்’ என்பார்கள். பெயர்தான் எர்த்; ரப்பர் டயரின் மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் இதில் தொடர்பே இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒயர் மிச்சம். ஆனால் ஒரு பலவீனமும் உண்டு. விளக்கின் உலோகக் கூடு, வண்டியின் உடலை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் துரு வந்தாலும் பெயிண்ட் வந்தாலும் பாதை அடைபடும். டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து புத்தம் புதிதாய் வரும் வண்டியில் விளக்கு எரியாமல் போவது இதனால்தான்.

ஒரு பல்பு, இரண்டு இழைகள்

இனிப் பின்விளக்கின் பல்பைக் கவனியுங்கள். ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள். ஒன்று 5 வாட். இரவில் தொடர்ந்து எரிவது. மற்றொன்று 21 வாட். பிரேக் மிதித்தால் எரிவது. அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள், இழைக்கு ஒன்று. இரண்டு இழைகளின் மறுமுனைகளும் பல்பின் பித்தளைக் கூட்டில் ஒன்றாகச் சேர்கின்றன. கூட்டிலிருந்து எர்த் வழியாக மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்புகிறது.

இன்னொரு செய்தியும் தேவை. இரவில் பின்விளக்கு, முன்புறத்துச் சிறு விளக்கு, டாஷ்போர்டு விளக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே எரிய வேண்டும். ஆகவே பெரும்பாலான பழைய வண்டிகளில் அவை ஒரே சுவிட்சின்கீழ், ஒரே கிளையில் இணைந்திருக்கும்.

இப்போது புதிரை அவிழ்ப்போம். பின்விளக்குகள் இரண்டின் எர்த்தும் ஒரே திருகில் முடிவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் திருகு துருப்பிடித்து, தொடர்பு விட்டுவிட்டது. பிரேக்கை மிதிக்கிறோம். மின்னோட்டம் 21 வாட் இழையைக் கடந்து பித்தளைக் கூட்டுக்கு வருகிறது. எர்த் வாசல் மூடியிருக்கிறது. ஆனால் அதே கூட்டில் 5 வாட் இழையின் முனையும் இருக்கிறதே! அந்த இழைக்குள் பின்வழியாக நுழைந்து, பின்விளக்கு ஒயர் வழியே முன்னோக்கிப் போய், டாஷ்போர்டு பல்புகளையும் முன்புறச் சிறு விளக்குகளையும் அடைகிறது. அவற்றின் எர்த் நன்றாக இருப்பதால், அவை வழியாகப் பாட்டரிக்குத் திரும்பிவிடுகிறது.

கணக்கும் ஒத்துப்போகிறது

மின்தடை = (மின்னழுத்தம்)² ÷ திறன். 12 வோல்ட்டில் 21 வாட் இழையின் தடை 144 ÷ 21 = 6.9 ஓம். 5 வாட் இழைக்கு 28.8 ஓம். இரு பக்கப் பல்புகளும் பக்க இணைப்பில் இருப்பதால் இவை பாதியாகி 3.4 ஓம், 14.4 ஓம் ஆகின்றன. முன்னால் 5 வாட் விளக்கு இரண்டும் டாஷ்போர்டில் 2.2 வாட் பல்பு இரண்டும் இருந்தால் மொத்தம் 14.4 வாட், தடை 10 ஓம்.

மூன்றும் தொடர் இணைப்பில் வருகின்றன. மொத்தத் தடை 27.8 ஓம். மின்னோட்டம் 12 ÷ 27.8 = 0.43 ஆம்பியர். இதில் பிரேக் இழைகளுக்குக் கிடைப்பது 1.5 வோல்ட், அவை எரியா. பின்விளக்கின் சிறு இழைகளுக்கு 6.2 வோல்ட், மங்கலாக மினுங்கும். டாஷ்போர்டுக்கு 4.3 வோல்ட், இருட்டில் தெரியும் அளவுக்குச் சிவக்கும். (குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. எனவே இவை தோராயமான எண்களே. கதை மாறாது.)

டாஷ்போர்டு மங்கலாக இல்லாமல் முழுப் பிரகாசத்தோடு எரிந்தால்? அப்போது சந்தேகம் வேறு. இரட்டை இழை பல்பின் இரு பக்க ஊசிகளும் ஒரே உயரத்தில் இரா; பல்பைத் தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். யாரேனும் ஒற்றை இழை பல்பை அதற்குள் அழுத்திச் செருகினால், அதன் ஒற்றைப் பொட்டு இரண்டு தொடுமுனைகளையும் இணைத்துவிடும். பிரேக் மின்சாரம் முழுதாக டாஷ்போர்டுக்குப் போகும்.

விளையாட்டல்ல

இது வேடிக்கையான கோளாறாகத் தோன்றலாம். ஆனால் யோசியுங்கள். அந்தத் திருகு விட்டுப்போன வண்டி இரவில் ஓடுகிறது. பின்விளக்கு இழை, பிரேக் இழை இரண்டுமே எரியா. ஓட்டுநருக்கு எதிரே டாஷ்போர்டு மட்டும் ஒழுங்காக எரிகிறது. எல்லாம் சரி என்று நம்புகிறார். தன் வண்டியில் அவர் ஓட்டும்போது பார்க்கவே முடியாத விளக்கு அது!

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டருக்கு அப்பாலிருந்து தெரிய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் விநாடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறார். பழுதாகி நிற்கும் வண்டியின் விளக்கு எரிந்தால் அவருக்கு 9 விநாடி அவகாசம். விளக்கில்லாமல், 50 மீட்டர் நெருங்கிய பிறகுதான் உருவம் தெரிகிறது என்றால் 3 விநாடிதான். மதுரையைத் தொட்டுச் செல்லும் நான்குவழிச் சாலைகளில் வேகம் இதைவிட அதிகம். துருப்பிடித்த ஒரு திருகு, உயிர்களின் விலை ஆகிவிடலாம்.

அரை ஓம் திருடன்

தொடர்பு முழுவதும் அறுந்தால் கண்டுபிடிப்பது எளிது. அரைகுறையாக இருந்தால்தான் ஏமாற்றும். எர்த் இணைப்பில் அரை ஓம் தடை மட்டும் சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். இரு பிரேக் இழைகளின் கூட்டுத் தடை 3.4 ஓம், இப்போது மொத்தம் 3.9. பல்புக்கு வர வேண்டிய 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் துருவிலேயே தொலைகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஒன்றரை வோல்ட் குறைந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒளி இழப்பு!

துப்பறிவது எப்படி?

நல்ல மெக்கானிக் ஒயர்களை மனம்போனபடி பிய்த்துப் பார்ப்பதில்லை. சுற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேள்வி கேட்கிறார். அவர் கையில் இருப்பது ஒரு சோதனை விளக்கு: 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு ஒயர்கள். அவ்வளவுதான்.

1. பல்பைக் கழற்றிப் பார். இழை அறுந்திருக்கிறதா? சரியான பல்புதானா?

2. பிரேக்கை மிதிக்கச் சொல். சோதனை விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதைப் பல்பு ஹோல்டரின் தொடுமுனையிலும் வை. எரிந்தால் போகும் பாதை சரி. எரியாவிட்டால் ஃபியூஸ், பிரேக் சுவிட்சு, ஒயர் எனப் பின்னோக்கிப் போ.

3. போகும் பாதை சரியென்றால் பல்பை மாட்டு. அதன் கூட்டைத் தனி ஒயரால் பாட்டரியின் எதிர்முனையோடு இணை. விளக்கு பளிச்சிட்டால் குற்றவாளி எர்த்.

4. வோல்ட்மீட்டர் இருந்தால், பல்பு எரியும்போதே அதன் கூட்டுக்கும் பாட்டரி எதிர்முனைக்கும் இடையே அளந்து பார். ஏறத்தாழச் சுழியாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் அதுதான் அரை ஓம் திருடன்.

சிகிச்சைக்குக் காசு அதிகம் ஆகாது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினால் போதும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. இது பெருந்தவறு. ஒயர் உடலோடு உரசினால் நூறு ஆம்பியருக்கும் மேல் பாயக்கூடும். ஃபியூஸ் உருகவில்லை என்றால் ஒயர் உருகும். பிறகு வண்டியே எரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

டார்ச் செல் இரண்டு (3 வோல்ட்), 2.5 வோல்ட் இழை பல்பு மூன்று, சில ஒயர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பல்பு பிரேக், இரண்டாவது பின்விளக்கு, மூன்றாவது டாஷ்போர்டு. முதல் பல்பின் ஒரு முனையைச் செல்லின் நேர்முனையில் இணையுங்கள். அதன் மறுமுனையையும் இரண்டாம் பல்பின் ஒரு முனையையும் சேர்த்து முறுக்குங்கள். இதுதான் பித்தளைக் கூடு. இரண்டாம் பல்பின் மறுமுனையிலிருந்து மூன்றாம் பல்பு வழியாக எதிர்முனைக்கு வாருங்கள். கடைசியாக, முறுக்கிய இடத்திலிருந்து எதிர்முனைக்கு ஓர் ஒயர்; இதுதான் எர்த்.

எர்த் ஒயர் இருக்கும்போது முதல் பல்பு மட்டும் பிரகாசமாக எரியும். இருட்டறையில் அதைக் கழற்றிப் பாருங்கள். மூன்றும் மங்கலாகச் சிவக்கும். புதிர் உங்கள் கைக்குள் வந்துவிட்டது!

உண்மை வண்டியில் கைவைப்பதானால் பெரியவர்களின் துணையோடு, பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பிறகே ஒயர்களைத் தொடுங்கள். ஆனால் ஒரு வேலையை இன்றே செய்யலாம். வீட்டு வண்டியை இரவில் வெள்ளைச் சுவருக்குப் பின்புறம் காட்டி நிறுத்தி, அப்பாவையோ அண்ணனையோ அக்காவையோ பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். சுவரில் இரு பக்கமும் சிவப்பு ஒளி சமமாக விழுகிறதா?

சிந்திக்க ஒரு கேள்வி: ஒரு பக்கத்து எர்த் மட்டும் விட்டுப்போன வண்டியில், இரவில் பின்விளக்கு இரண்டும் எரிகின்றன. பிரேக்கை மிதித்ததும் பழுதான பக்கம் முற்றிலும் அணைந்துவிடுகிறது! ஏன்? அந்த இழையின் இரண்டு முனைகளிலும் அப்போது எத்தனை வோல்ட் இருக்கும் என்று படம் வரைந்து பாருங்கள். விடை கிடைத்துவிடும்.