என்ஜினில் ஆயில் கசிகிறதா? ஸ்பேனரைத் தொடும் முன் துடையுங்கள்

நாயக்கனேரி மலைப்பாதையிலோ ஜவ்வாது மலையின் கல் ரோட்டிலோ ஓட்டிவிட்டு ஆம்பூருக்குத் திரும்புகிறீர்கள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம். என்ஜினின் அடியில் கை வைத்தால் பிசுபிசுக்கிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் என்று மண் ரோட்டுக்கான வண்டிகள் நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, புதிதாக ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு முதலில் வரும் பயம் இதுதான். உடனே ஸ்பேனரை எடுத்து, கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் இறுக்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். என்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. இறுக்க இறுக்கத் தேய்வது அலுமினியத்தில் உள்ள மரைதான். சின்ன வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, லேத் பட்டறை வரை போய் நிற்கும்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால், ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் பார்த்த அளவு தப்பாகத்தான் இருக்கும். சமதளத்தில் யாரையாவது நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் திருகி எடுத்துப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் இருக்கிறது.

அடுத்து, கசிவது என்ஜின் ஆயில்தானா என்ற கேள்வி. முன் சக்கரத்தின் மேலும் ஃபோர்க் குழாயிலும் ஈரம் இருந்தால் அது ஃபோர்க் ஆயில். முன் ஸ்பிராக்கெட் மூடிக்குள் கெட்டியாகக் கறுத்துக் கிடப்பது பல நேரம் செயினுக்கு அடித்த லூப்தான், மண்ணோடு சேர்ந்து குழைந்து வழிகிறது. ரேடியேட்டர் உள்ள வண்டியில் பச்சையாகவோ சிவப்பாகவோ நீர்த்து வடிந்தால் அது கூலன்ட். என்ஜின் ஆயில் விரலில் தேய்த்தால் வழுக்கும், பழசானால் காபி நிறத்திலிருந்து கறுப்புக்குப் போகும்.

ஆயில் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றல்ல. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளுகிறது. நின்ற பிறகு அது சந்துகளில் இறங்கி, எங்கே தாழ்வோ அங்கே வந்து சொட்டுகிறது. மேலே டேப்பெட் கவரில் ஆரம்பித்த கசிவு கீழே டிரெயின் போல்ட்டின் தலையில் துளியாகத் தொங்கும். பாவம், போல்ட்டுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் கழற்றுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். என்ஜின் முழுதும் ஆறிய பிறகு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணெண்ணெயோ டீசலோ தடவி மண்ணை ஊற வையுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், நெருப்பு அபாயம். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் விட்டால், பீய்ச்சும் தண்ணீரைச் சீல்கள் மீதும் பிரீதர் குழாய் மீதும் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும், சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு ஒன்று நனைந்து இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே தொடர்ந்து போனால், ஈரத்தின் உச்சி எங்கே முடிகிறதோ அங்கேதான் கசிவு. கோடை வெயிலில் இந்தச் சோதனை இன்னும் நன்றாகப் பலிக்கும். சூடேறிய ஆயில் நீர்த்துப் போய், ஆறியிருக்கும்போது எட்டிப் பார்க்காத சந்திலும் வெளியே வரும்.

கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத கசிவுகளும் உண்டு. "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று ஊற்றப்பட்ட ஆயில் அதில் ஒன்று. அளவு மீறினால் உள்ளே சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும், மிச்சம் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறி அங்கிருந்து வழியும். மேல்கோட்டுக்கு இறக்கிவிட்டால் சரி. இன்னொன்று, அந்தப் பிரீதர் குழாயே அடைத்துக்கொள்வது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க்கேஸுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேறும் வழி அது ஒன்றுதான். ஓடை கடந்தபோது புகுந்த சேறோ, நிறுத்தி வைத்திருந்தபோது குளவி கட்டிய மண் கூடோ அதை அடைத்தால், அழுத்தம் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே அனுப்பும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிந்தால் முதலில் இந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

டிரெயின் போல்ட்டில்தான் கசிவு என்று உறுதியானால், குற்றவாளி பெரும்பாலும் வாஷர். அலுமினியத்திலோ செம்பிலோ செய்த அந்த வளையம், இறுக்கும்போது தானே நசுங்கி இரு பரப்புக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே மாதிரி நசுங்காது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் வாங்குவது வீண் செலவல்ல. இத்தகைய என்ஜின்களில் டிரெயின் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர், கவர்களில் இருக்கும் சின்ன 6 மி.மீ. போல்ட்களுக்கு 10-ஐ ஒட்டி. உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஆயில் ஃபில்டர் மூடியில் கசிந்தால் அதன் ஓ-ரிங்கைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டோ வெட்டுப்பட்டோ இருக்கும். புதியதைப் போடும்போது விரலால் ஆயில் தடவிவிட்டால் முறுக்காமல் உட்காரும்.

விழுந்து எழுந்த வண்டி என்றால் கவர்களைக் கூர்ந்து பாருங்கள். கல்லில் சாய்ந்த வேகத்தில் கியர் லீவர் உள்ளே வளைந்து மேக்னெட் கவரில் இடித்திருக்கும், அல்லது பிரேக் பெடல் கிளட்ச் கவரில். மயிரிழை விரிசல் இருந்தால், கேஸ்கெட் மாற்றிப் பயனில்லை. எம்-சீல் வீடு வந்து சேர உதவும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். விரிசல் இல்லை, கேஸ்கெட்தான் போயிருக்கிறது என்றால் இது நீங்களே செய்யக்கூடிய வேலை.

கிளட்ச் கவரைச் சுற்றியுள்ள போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் கேஸ் உடையும், குட்டையானதை நீளத் துளையில் போட்டால் மரை போகும். ஆம்பூரில் ஷூ பெட்டி இல்லாத வீடு இருக்காது. அதன் மூடியில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் துளை போட்டு, கழற்றக் கழற்ற அததன் இடத்தில் குத்தி வையுங்கள். மாட்டும்போது யோசிக்கவே வேண்டாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறலே நாளைய கசிவு. ஊற வைத்து, கெட்டிப் பிளாஸ்டிக் துண்டால் பொறுமையாக எடுங்கள். கவரை வைத்தபின் போல்ட்களை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அசல் கேஸ்கெட் கிடைக்காவிட்டால் கேஸ்கெட் பேப்பர் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். பழையதன் தடிமன்தான் புதியதற்கும் இருக்க வேண்டும். போல்ட் துளைகளைக் கத்தரியால் வெட்டினால் கிழியும். ஷூவின் அப்பர் தோலில் துளை போடும் வட்டப் பஞ்ச் நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும், மரக்கட்டை மேல் வைத்து ஒரே அடியில் போட்டால் துளை சுத்தமாக விழும். ஆனால் கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பேஸ்ட்டை அப்பி மூடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்கியது என்ன ஆகிறது? துண்டாகப் பிய்ந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் ஒட்டும். கசிவை நிறுத்தப் போய் என்ஜினையே பட்டினி போட்டதாகிவிடும்.

இனி ஆயில் சீல். சுற்றும் தண்டு ஒன்று என்ஜினிலிருந்து வெளியே வரும் இடத்திலெல்லாம் அது இருக்கும். கியர் லீவரின் தண்டு, கிக்கர் தண்டு, முன் ஸ்பிராக்கெட் மாட்டிய தண்டு. இன்று ரப்பரில் வரும் இந்தச் சீல், பிறப்பால் நம் ஊர்த் தோல் தொழிலுக்கு உறவு. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849 முதல் தோல் பதனிட்டு வந்த ஃப்ராய்டன்பர்க் நிறுவனம், 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்து தோல் வியாபாரம் படுத்தபோது, கையிலிருந்த தோலில் இயந்திரங்களுக்கான சீல்களைச் செய்ய ஆரம்பித்தது. அங்கே வேலை பார்த்த வால்ட்டர் சிம்மர் உருவாக்கிய வளையச் சீலுக்கு இன்றும் ஜெர்மனியில் சிம்மர்ரிங் என்றுதான் பெயர். முதலில் வந்தவற்றில் தண்டை உரசும் உதடு தோல். 1936-லிருந்து செயற்கை ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. பொருள் மாறியதே தவிர குணம் மாறவில்லை. ஃபேட்லிக்கர் எண்ணெய் ஏற்றாத தோல் காய்ந்து விறைத்து வெடிப்பது போலத்தான் ஆயில் படாத சீலும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வண்டியை எடுத்ததும் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணும் கல்லும் செயினோடு வந்து மோதும் முன் ஸ்பிராக்கெட் சீல்தான் மண் ரோடு வண்டியில் சீக்கிரம் போவது. மாற்றும் முன் உங்கள் வண்டியின் பார்ட்ஸ் படத்தைப் பாருங்கள். சில என்ஜின்களில் சீலின் விளிம்பு இரண்டு கேஸுக்கும் நடுவே சிக்கியிருக்கும், என்ஜினைப் பிளக்காமல் வராது. வெளியிலிருந்தே எடுக்கக்கூடியது என்றால் துணிந்து செய்யலாம். முதலில் ஆயிலை வடியுங்கள். செயினைக் கழற்றுவதற்கு முன்பே, ஒருவர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்திருக்க, ஸ்பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்துங்கள். பிறகு சுற்றிலும் உள்ள சேற்றை ஒரு துளி விடாமல் துடைத்தெடுங்கள், சீல் வெளியே வந்ததும் அந்தச் சேறு உள்ளே போகக் காத்திருக்கும்.

சீலின் முகத்தில் 20-34-7 என்பது மாதிரி மூன்று எண்கள் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். கடையில் இந்த எண்களைக் காட்டி வாங்குங்கள். பழைய சீலின் விளிம்பில் சின்ன ஸ்க்ரூ ஒன்றை ஆழமாகப் போகாமல் திருகி, பிளையரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நெம்புகோலைத் தண்டின் மேலோ கேஸின் மேலோ ஊன்ற வேண்டாம். இப்போது சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த இடத்தில் தண்டின் மேல் ஒரு காலர் இருக்கும். நகம் தட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். காலருக்குப் பின்னால் ஒரு ஓ-ரிங் ஒளிந்திருக்கும். சீலை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் கசிகிறதே" என்று தலையில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஓ-ரிங்கை மறந்தவர்கள். ஆயில் தண்டின் பல்வரிசை வழியாகவே வெளியே வந்துகொண்டிருக்கும்.

புதிய சீலின் உதட்டில் ஆயில் தடவுங்கள். பல்வரிசையின் கூர்முனை உதட்டைக் கிழிக்காமல் இருக்க அதன்மேல் செல்லோடேப் சுற்றுங்கள். சுருள் கம்பி தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே போக வேண்டும், பெரும்பாலும் எண் எழுதிய முகம் வெளியே தெரியும். சீலின் வெளிவிட்டத்துக்கு ஒத்த பாக்ஸ் ஸ்பேனரையோ குழாய்த் துண்டையோ வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி, பழையது இருந்த ஆழத்துக்கு இறக்குங்கள். கோணலாக இறங்கினால் எடுத்துவிட்டு வேறு புதியதைப் போடுவதே நல்லது.

பழைய யமஹா ஆர்எக்ஸ்100 வைத்து மண் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டூ-ஸ்ட்ரோக்கில் கிளட்ச், கியர் பக்கம் தனி ஆயில். கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் போனால் ஆயில் வெளியே சொட்டாது, உள்ளே இழுக்கப்பட்டு எரியும். கியர் ஆயில் குறைந்துகொண்டே போய், சைலன்சரில் வெள்ளைப் புகை கூடினால் அதுதான். அந்த வேலை, ஹெட் கேஸ்கெட், பிளாக்கின் அடிக் கேஸ்கெட், தேய்ந்த மரைக்கு இன்சர்ட் போடுவது, இவை நான்கையும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். கூட நின்று பாருங்கள், அடுத்த முறைக்கு அது பாடம். பின் டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ ஆயில் பட்டிருந்தால் பட்டறை வரைகூட ஓட்டிப் போகாதீர்கள்.

வேலை முடிந்ததும் கையேடு சொல்லும் ஆயிலை ஊற்றுங்கள். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே கிடப்பதால் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். காருக்கான ஆயில் கிளட்ச்சை வழுக்க வைக்கும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அளவைப் பார்த்து, மறுபடி பவுடர் தூவிச் சோதியுங்கள்.

வடித்த பழைய ஆயில் இருக்கிறதே, அதைச் சாக்கடையிலும் கொல்லையிலும் ஊற்றக் கூடாது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரைக் கிணறுகள் தோல் பதனிடும் கழிவால் பட்ட பாடு நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தத் தோல் தொழிற்சாலைகளை வைத்துத்தான் நாட்டுக்கே சட்டமாகச் சொன்னது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் இதே பாலாற்றுக்காக அது தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. எரிந்து கறுத்த என்ஜின் ஆயிலில் உலோகத் துகள்களும் நச்சுகளும் கலந்திருக்கும். 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளில் அதுவும் வருகிறது. கரையானுக்கென்று வேலிக் கம்பத்தில் பூசுவதும், செயினுக்கு ஊற்றுவதும் அந்த நஞ்சை மண்ணில் இறக்குகிற வேலைதான். அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். காலி ஆயில் டப்பாவிலேயே திரும்ப ஊற்றி இறுக மூடுங்கள், அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலக்க வேண்டாம். பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். துடைத்த துணியையும் அடுப்பில் போடாமல் ஒரு பையில் கட்டி அங்கேயே கொண்டுபோங்கள்.