சுருட்டைக் கூந்தலும் சவரியும்

இரத்தினபுரிப் பக்கத்திலே மழைக்குப் பருவம் பார்த்துக் காரியம் செய்வார் எவருமில்லை. ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பூமி அது. எனினும் ஐப்பசி மழைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காலையில் வெயிலைக் காட்டி மனிதரை நம்பவைத்துவிட்டு, பிற்பகலில் வந்து எல்லாவற்றையும் நனைத்துப்போடும். 2018 ஆம் ஆண்டு ஐப்பசியில் அவ்வாறு வந்த மழை ஒன்று, தாய்மாமனாகிய என் அறியாமையை ஊரறியச் செய்துவிட்டது.

காவத்தைக்கு அப்பால், தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கும் ஒரு தோட்டத்தில் என் தமக்கை மகளுக்குத் திருமணம். கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் மாமன் வெறுங்கையோடு போகலாமா? சேலை, வளையல், பழத்தட்டு ஆகியவற்றோடு, புறக்கோட்டைக் கடையொன்றில் ஒரு சவரியும் வாங்கினேன். முழங்கால்வரை நீண்டது; நூல் பிடித்தாற்போல் நேராக விழுவது; பட்டுப்போல் மின்னுவது. அதன் விலையைச் சொன்னால் என் இல்லாள் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆதலால் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் கூந்தல் எத்தகையது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பாகற்கொடியின் பற்றுக்கம்பியைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். அவள் முடியும் அப்படித்தான். பள்ளியிலே பிள்ளைகள் அவளைக் 'காப்பிரிச்சி' என்று கேலி செய்வார்களாம். போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். மஞ்சா என்னும் அவர்களது பாட்டும் ஆட்டமும் நாடறிந்தவை. அம்மக்களின் பெயரை வசைச்சொல்லாக்கிப் பத்து வயதுக் குழந்தையின் மேல் எறிவதற்கு நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாம்தான். நேராக நீண்டு விழுவதே கூந்தல், மற்றதெல்லாம் குறை என்று வீட்டிலே பேசியவர்கள் நாம். அந்த எண்ணத்தையே நானும் விலைகொடுத்து வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

நலங்குக்கு முன்னர்ப் பெண்ணை நகரத்திலுள்ள ஓர் அலங்கார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். சவரி நேராக இருந்தமையால், அதற்கு இசையப் பெண்ணின் முடியையும் நேராக்குவதென்று அங்கே முடிவாயிற்று. மின்சாரச் சூட்டுக்கோலை வைத்து இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். பின்னிய சடை ஒரே பொருளாகத்தான் தோன்றிற்று. முச்சக்கரவண்டியில் ஏறித் திரும்புகையிலே மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துக் கோயிலடியில் வண்டி சேற்றில் புதைய, இறங்கி லயத்துக்கு நடந்தார்கள். குடை இருந்தது, ஆயினும் ஈரக்காற்றுக்குக் குடை ஏது? நலங்குக்கு மணையில் உட்கார்ந்தபோது பெண்ணின் முடி பழையபடி சுருண்டு மேலே எழும்பிவிட்டது. அதன் அடியிலிருந்து என் சவரி மட்டும் தனியே, பிறர் பொருள்போல், நேராகத் தொங்கிற்று. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெண் தலைகுனிந்தாள். நாணத்தினால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பர்.

இதிலே மாயமொன்றுமில்லை. முடி என்பது கெரட்டின் என்னும் புரதத்தாலாயது. அப்புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுகளுள் முக்கியமானவை இருவகை. ஒருவகை உறுதியானது, கந்தகத்தால் அமைவது, எளிதில் அவிழாது. மற்றவகை மெலிந்தது, நீர் பட்டால் அவிழ்ந்து, உலரும்போது மீண்டும் பிணைவது. சூட்டுக்கோல் கலைப்பது பெரும்பாலும் இந்த மெலிந்த கட்டுகளையே. ஆகவே, காற்றின் ஈரம் உட்புகுந்ததும் முடி தன் பிறவி வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. அந்தப் பிறவி வடிவமோ தோலின் உள்ளேயே அமைந்துவிடுவது. நேர்முடியின் வேர்ப்பை செங்குத்தாக நிற்கும். முடியை வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். இறுகிய சுருள்முடியின் வேர்ப்பை வளைந்தது. முடியின் குறுக்குவெட்டும் நீள்வட்டமானது, சில இடங்களில் தட்டையானது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அத்தனை வளைவுகளையும் கடந்து நுனிக்குச் செல்ல முடியாமையால் இவ்வகை முடி இயல்பாகவே வறண்டும், எளிதில் ஒடிவதாயும் இருக்கும். அதன்மேல் இரண்டு மணி நேரம் சூட்டுக்கோல் இழுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சவரி என்ற சொல்லே ஒரு நெடுங்கதை. இமயத்துக் கவரிமாவின் வால்மயிரைக் குறித்த சொல் அது. அந்த மயிரைத் தம் கூந்தலோடு சேர்த்து முடித்த மகளிர் சங்க காலத்திலேயே இருந்தனர். பதிற்றுப்பத்தின் 43 ஆம் பாட்டு அதற்குச் சான்று. பெண்களின் கூந்தல் ஒப்பனையை 'ஐம்பால்' என்று ஐந்தாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் ஒன்றாகச் சுருளையும் வைத்தனர். கூந்தலுக்கு ஆற்று மணலின் அறலை உவமை சொன்ன புலவர்களும் வளைவையும் நெளிவையும் கண்டு மகிழ்ந்தவர்களேயன்றி நேர்கோட்டைக் கண்டல்ல. எகிப்து நாட்டில் அமர்ணா என்னுமிடத்தில், 3300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையில் ஏறத்தாழ 70 ஒட்டுமுடிகள் இருந்ததை ஆய்வாளர் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒட்டுமுடி அணிவதில் குற்றமில்லை. எதை எதனோடு ஒட்டுகிறோம் என்பதே கேள்வி.

இன்று சந்தையில் கிடைக்கும் முடி எங்கிருந்து வருகிறது? திருமலை, பழனி, திருத்தணி போன்ற தலங்களில் அடியார் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போகிறது. அது வேரும் நுனியும் மாறாமல் ஒருசேரக் கிடைப்பதால் விலை மிகுந்தது. சீப்பில் உதிர்ந்த முடியை வீடு வீடாக வாங்கித் திரட்டுவதும் ஒரு பெருந்தொழில். கர்நாடகத்தின் கொப்பல் வட்டாரம் அதைத் தெரிந்து பிரிப்பதற்குப் பெயர்போனது. ஆனால், இவ்வாறு சேர்வதில் பெரும்பகுதி நேர்முடியும் அலைமுடியுமே. 'சுருட்டை' என்று எழுதி விற்கப்படும் சவரிகளுட் பல, அந்த நேர்முடியைக் கோல்களில் இறுகச் சுற்றி நீராவியில் வேகவைத்து எடுத்தவை. தரமானதாயின் அச்சுருள் பலமுறை கழுவினாலும் நிற்கும். தரமற்றதாயின் சில கழுவல்களிலேயே தளர்ந்துபோகும். கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஓர் இழையை நீரில் நனைத்து, எண்ணெயும் சீப்பும் படாமல் உலரவிட்டுப் பார்த்தால் அதுவே உண்மையைச் சொல்லிவிடும். ஓர் இழையைத் தீயில் காட்டுவதும் நல்ல சோதனை. மனித முடி கருகிய நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை இழைகளுட் பெரும்பாலானவை உருகி மணிபோலத் திரளும். குத்துவிளக்கும் ஓமத்தீயும் உள்ள இடத்தில் தலையில் எதைச் சுமக்கிறோம் என்று அறிந்திருப்பது நல்லதல்லவா?

சுருளை ஒப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. ஓப்ரா வின்ஃபிரேயின் சிகையலங்காரரான அந்திரே வோக்கர் 1990களில் முடியை நேர், அலை, சுருள், இறுகிய சுருள் என நான்காகப் பகுத்தார். உலகமெங்கும் கடைகளில் அந்தக் கணக்கே இன்று புழங்குகிறது. அதைவிட எளிய அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. எண்ணெயிடாத, கழுவி உலர்ந்த ஓர் இழையின் சுருள், பென்சிலின் பருமனா, ஊதுவத்திக் குச்சியின் பருமனா என்று பாருங்கள். சவரியின் சுருளும் அதே பருமனாயிருக்க வேண்டும். இயற்கை முடி தலை முழுதும் ஒரே மாதிரி சுருள்வதில்லை. பிடரியில் இறுகியும் காதோரத்தில் தளர்ந்தும் இருக்கலாம். சவரி சேரும் இடத்துச் சுருளையே அளவாகக் கொள்ள வேண்டும். இரண்டு வகைக்கு நடுவே மனம் தடுமாறினால் சற்றுத் தளர்ந்த சுருளை வாங்குக. ஈரக்காற்று நிறைந்த சப்பிரகமுவையில் அது தானே இறுகிக்கொள்ளும் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் நம்பவில்லை. நீராவிச் சுருள் நாளடைவில் தளருமேயன்றி இறுகாது. ஆகையால் இறுக்கமானதையே வாங்குவது உத்தமம்.

நீளத்திலே ஏமாறுவோர் மிகப் பலர். இழுத்துப் பிடித்து அளந்தால் இரண்டு அடி இருக்கும் இறுகிய சுருள், விட்டவுடன் ஓர் அடியாகவோ அதனினும் குறைவாகவோ சுருங்கிவிடும். இடுப்புவரை சடை வேண்டுமாயின், சுருங்கிய நிலையில் இடுப்பை எட்டுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அடுத்தது மினுக்கம். நேர்முடி கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். சுருள்முடி ஒளியைச் சிதறடிக்கும். எனவே, நிறம் ஒத்திருந்தாலும் பளபளக்கும் சவரி சுருட்டைத் தலையில் அயலாகவே தெரியும். என் சவரியின் குற்றங்களில் அதுவும் ஒன்று.

தோட்டத்துப் பெண்களுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையின் மேற்புறத்தில் பதிந்து பாரம் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அது உராயும் இடத்தில் முடி மெலிந்திருப்பதை என் தாயாரின் தலையிலே கண்டிருக்கிறேன். இடைவிடாத இழுவை முடியின் வேரைக் கெடுக்கும் என்று மருத்துவரும் கூறுவர். ஆகவே, அவ்விடத்து முடியில் சவரியின் பாரத்தைத் தூக்கக்கூடாது; பின்தலையில், அடர்ந்த முடியில் பின்னிச் சேர்க்க வேண்டும். பசைவைத்து ஒட்டுவதையும் நான் விரும்பவில்லை. எடுக்கும்போது சொந்த முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். நனைந்த சவரி மேலும் கனக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றிற் பலவற்றை நான் அறிந்தது அன்றிரவுதான். நலங்கு முடிந்து உறவினர் இஸ்தோப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, என் தாயார் காம்பராவின் மூலையிலிருந்து ஒரு பழைய பால்மாப் பேணியை எடுத்து வந்தார்.

"அழுவாத தாயி. ஒட்டுக் கட்டுறதுன்னா இனம் பாத்துல்ல கட்டணும். ஒங்க மாமனுக்கு அது எங்க தெரியப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார்.

உள்ளே பழந்துணியில் சுற்றிய முடிக்கற்றைகள். பேத்தியின் சீப்பில் உதிர்ந்த முடியைச் சிறுவயது முதல் அவர் குப்பையில் எறிய விட்டதில்லை. என் தமக்கையின் முடியும் அதிலே இருந்தது. சும்மா திணித்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்து, வேர்ப்பக்கமெல்லாம் ஒருபுறமாக அடுக்கிக் கட்டி வைத்திருந்தார். தேய்த்தால் முடி தன் வேர்ப்பக்கமாகவே நகரும். முடியின் மேலே மீன்செதிள் போன்ற மெல்லிய அடுக்குகள் நுனியை நோக்கிப் படிந்திருப்பதே அதற்குக் காரணம். வேரும் நுனியும் மாறிக் கலந்தால் அச்செதிள்கள் ஒன்றையொன்று பற்றிச் சிக்காகிவிடும். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் பெருவிலை பெறும் அந்த ஒழுங்கை, பிரட்டுக்கு ஓடி, மலைக்கு ஓடி, கிடைத்த ஓய்வு நேரத்தில் ஒரு கிழவி செய்து முடித்திருந்தாள்.

சீயக்காய் போட்டுக் கழுவி, அடுப்பின் வெக்கை எட்டும் தூரத்தில் கயிற்றில் உலர்த்தினார். கருப்பு நூலைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, மூன்று திரியாகச் சவரி கட்டினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோழி கூவும் நேரத்தில் பெண்ணின் தலையையும் நனைத்து, சூட்டுக்கோலின் நேர்மையெல்லாம் போனபின், பின்தலையில் சேர்த்துப் பின்னினார். சடை இடுப்புக்கு எட்டவில்லை. முதுகின் நடுவோடு நின்றுவிட்டது. ஆனால் எங்கே அவள் முடி முடிந்து எங்கே சவரி தொடங்குகிறது என்பதை அருகில் நின்ற என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகூர்த்தத்துக்கு முன் மறுபடியும் மழை தூறிற்று. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாப்பிள்ளைக்கு எட்டியாந்தோட்டைப் பக்கம். மறுவீட்டுக்குப் புறப்படும்போது, காலியான அந்தப் பேணியைக் கழுவித் துடைத்து என் தாயார் பேத்தியின் பெட்டியிலே வைத்தார்.

"மழ கொட்டுற ஊருதான் அதுவும். மூடிய இறுக்கி மூடி வையி" என்றார்.

என் சவரி பல நாள் இஸ்தோப்பின் ஆணியில் தொங்கியது. மாசியில் காமன்கூத்து வந்தபோது, ரதி வேடம் கட்டும் பையன் வந்து கேட்டான். அவனுக்கு நல்ல நேர்முடி. சவரி அவனுக்கு வெகு பொருத்தமாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.