மஞ்சள் சோயாவுக்குள் ஒளிந்திருக்கும் கருப்பு

சோயாவின் பூர்வீக நிறம் கருப்பு. சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் ஆற்றோரங்களில் இன்றும் தானாகவே படர்ந்து வளரும் காட்டுச் சோயாவின் விதை சிறியது, கரியது. உத்தராகண்டின் குமாவூன் மலைக்காரர்கள் 'பட்' என்று சமைப்பதும் கருப்புச் சோயாதான். மீல் மேக்கராகவும் எண்ணெயாகவும் நம் வீட்டுக்கு வருகிற மஞ்சள் சோயா பிற்பாடு வந்தது. அதற்காகச் செடி புதிதாக ஒரு சாயத்தைத் தயாரிக்கவில்லை. கருப்புச் சாயம் உருவாவது விதைத்தோலில் மட்டும் தடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தடுப்பவை, பெரும்பாலும் 21 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்குகள்.

கருப்பைத் தருவது ஆந்தோசயனின். நாவற்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுக்கும் அதே நிறமிக் குடும்பம். அது உருவாகும் நீண்ட வழியில் முதல் வாசலில் நிற்கும் நொதியின் பெயர் சால்கோன் சிந்தேஸ். சோயாவில் இந்த நொதிக்கான மரபணுக்கள் குறைந்தது ஒன்பது இருக்கின்றன.

மஞ்சள் சோயா வயலில் அபூர்வமாக ஒரு செடி கருப்பு விதை காய்ப்பதுண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லைலா வோட்கினின் குழு அப்படிப்பட்ட செடிகளை மஞ்சள் உறவினர்களோடு ஒப்பிட்டு 1996இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. மஞ்சள் செடியில் சால்கோன் சிந்தேஸ் மரபணுவின் நகல்கள் கூடுதலாக இருந்தன. கருப்புக்கு மாறிய செடியிலோ அந்தப் பகுதியில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. மரபணு கூடினால் நிறம் போகிறது; குறைந்தால் நிறம் வருகிறது. இந்தக் கணக்கு வழக்கமான பாடப்புத்தகக் கணக்கில் அடங்காது.

இதே முரண் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கலிஃபோர்னியாவில் பெட்டூனியாப் பூவில் தலைகாட்டியிருந்தது. ஊதாவை இன்னும் அடர்த்தியாக்கலாம் என்று கரோலின் நாப்போலியும் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் கூடுதலாக ஒரு மரபணுவைச் செலுத்தினார்கள். பல பூக்கள் வெளுத்துப் போயின. செலுத்தியது எந்த மரபணு தெரியுமா? இதே சால்கோன் சிந்தேஸ்! இரட்டை இழை ஆர்.என்.ஏ. தன்னைப் போன்ற மரபணுவின் வாயை அடைத்துவிடும் என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு சிறு புழுவில் காட்டிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மஞ்சள் சோயாவின் எட்டாம் குரோமோசோமில் மூன்று சால்கோன் சிந்தேஸ் மரபணுக்கள் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்திலேயே அந்தக் கொத்தின் நகல் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. இந்த இடத்திலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. தன் மேலேயே மடிந்து இரட்டை இழையாகிவிடும். செல்லுக்கு இரட்டை இழை என்றாலே வைரஸ் சந்தேகம். டைசர் என்னும் நொதி அதைப் பிடித்துத் துண்டுதுண்டாக நறுக்குகிறது. ஆர்கோனாட் என்னும் புரதம் ஒரு துண்டை அடையாளச் சீட்டாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்துகிற தூது ஆர்.என்.ஏ.க்களைத் தேடித்தேடி வெட்டுகிறது. கொத்துக்கு வெளியே, வேறு இடத்தில் இருக்கும் ஏழாம், எட்டாம் சால்கோன் சிந்தேஸ் மரபணுக்களின் செய்திகளும் இப்படித்தான் அழிகின்றன. விதைத்தோலில் நிறத்துக்கு முக்கியமானவை அவைதாம். இந்தக் குட்டி ஆர்.என்.ஏ.க்களை எண்ணி வகைப்படுத்தி, அவை விதைத்தோலில்தான் குவிகின்றன, விதையிலையில் இல்லை என்று வோட்கின் குழு 2009இல் காட்டியது. இந்தத் தலைகீழ் அமைப்பு எப்படி வந்தது என்பதற்கு ஹாங்காங்கில் ஹோன்-மிங் லாம் குழு 2019இல் ஒரு காட்டுச் சோயாவின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து விடை தந்தது: குரோமோசோமில் ஒரு துண்டு திரும்பிப் பொருந்திய விபத்து.

எனக்கு இதில் வியப்பே இந்த இடக்கட்டுப்பாடுதான். நம் நாட்டில் பரவலாகப் பயிரான ஜே.எஸ். 335 ரகத்தின் பூ ஊதா, விதை மஞ்சள், விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பு மட்டும் கருப்பு. பூவிதழில் நிறமிக்குத் தடையில்லை. விதைத்தோலில் தடை. அந்தத் தோலிலேயே தழும்பளவு இடத்தில் மறுபடி தடையில்லை! விதையிலையில் ஐசோஃபிளவோன்கள் என்னும் சேர்மங்கள் உருவாகவும் இதே நொதிதான் வேண்டும். அங்கேயும் வேலை நடக்கிறது. சில ரகங்களில் தழும்பையும் தாண்டிச் சேணம் போட்டதுபோல இருபுறமும் கருப்பு வழிந்திருக்கும். அப்படியான ஒரு வகையில் பழுதாகியிருப்பது ஓர் ஆர்கோனாட் மரபணுதான் என்று 2017இல் தெரியவந்தது.

இன்னொன்று. விதைத்தோல் தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கும் பருப்புதான் பிள்ளை. ஆகவே ஒரு சோயா விதையின் மேல்நிறம் அதன் அம்மாவின் மரபணுவைச் சொல்கிறதே தவிர, அதனுடையதை அல்ல. பட்டாணியில் மெண்டலும் தோலின் நிறத்தையும் பருப்பின் நிறத்தையும் தனித்தனியாகத்தான் கணக்கெடுத்தார்.

தடை நிரந்தரமானதும் அல்ல. அசுவினிப் பூச்சி பரப்பும் சோயா மொசைக் வைரஸ் தாக்கினால் மஞ்சள் விதையில் கருப்போ பழுப்போ திட்டுத்திட்டாகத் தோன்றும். வைரஸ் சாயம் பூசுவதில்லை. செடியின் வெட்டும் படையிடமிருந்து தான் தப்பிக்க அது ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அந்தப் புரதம் அடக்குமுறையைக் குலைக்கும் இடங்களில் பழைய கருப்பு வெளியே வந்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் இதை நிறுவினார்கள். ஹொக்கைடோவின் குளிரிலும் மஞ்சள் சோயா தழும்பைச் சுற்றிப் பழுப்பேறும். குளிரில் இந்த அடக்குமுறை தளர்வதுதான் காரணம். சந்தையில் இந்த விதைக்கு விலை குறையும்.

நிறத்தை விட்டுப் பருப்புக்குள் போனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு வகைக் குட்டி ஆர்.என்.ஏ.க்களின் ராஜ்ஜியம். விதை வளரும் பருவந்தோறும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனுக்கு எதிர்வினை காட்டும் மரபணுக்கள் முதலாகப் பலவற்றின் செய்திகளை இவை வெட்டுகின்றன என்பதற்கு, வெட்டுப்பட்ட மிச்சத் துண்டுகளையே சேகரித்து 2012இல் ஆய்வாளர்கள் சாட்சி காட்டினார்கள். பட்டியல் நீளம். ஆனால் எந்த வெட்டினால் விதையில் என்ன மாறுகிறது என்று நிறத்தைப்போல் கடைசிவரை துப்புத் துலக்கப்பட்டவை கொஞ்சமே.

உழவர்கள் மஞ்சள் விதையைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தபோது ஆர்.என்.ஏ. அடக்குமுறையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதே உத்தியை அமெரிக்க விதை நிறுவனங்கள் பிற்பாடு எண்ணெய்க்குத் திருப்பின. டூபாண்ட் பயனீர் உருவாக்கிய 'பிளெனிஷ்', மான்சான்டோ உருவாக்கிய 'விஸ்டிவ் கோல்டு' இரண்டிலும் ஓலிக் என்னும் கொழுப்பு அமிலத்தை அடுத்த அமிலமாக மாற்றும் மரபணு விதைக்குள் வாயடைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணச் சோயா எண்ணெயில் நாலில் ஒரு பங்கு அளவில் இருக்கும் ஓலிக் அமிலம் இவற்றில் 70 சதவீதத்தைத் தாண்டும். பொரிக்கும்போது எண்ணெய் சீக்கிரம் கெடாது. இவற்றுக்கு மரபணு மாற்றுப் பயிர் என்ற முத்திரை உண்டு, அனுமதி நடைமுறைகள் உண்டு, எதிர்ப்பும் உண்டு. அது நியாயமா இல்லையா என்ற வழக்கில் மஞ்சள் சோயாவையும் ஒருமுறை சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம் என்பது என் கட்சி.