உங்கள் பெயரை எழுதினீர்களா?

பகல் சமையல் முடிந்து, குழந்தைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிடைக்கிற நேரத்தில் தஞ்சாவூர்ப் படம் போடும் சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் ஸ்வாமிக்குக் கண் திறக்கிறோம். பெயர் மட்டும் எழுதுவதில்லை. கேட்டால், "ஸ்வாமி படத்தில் நம்ம பேரா?" என்று கூச்சம்!

ராஜா ரவிவர்மா லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் எழுதியவர்தான். தன் படங்களில் கையெழுத்துப் போட அவர் தயங்கவில்லை. பக்தி குறைந்தா போயிற்று?

என் ஓரகத்தி ஒன்றரை மாதம் உட்கார்ந்து வெண்ணெய்க் கிருஷ்ணன் போட்டுக் கடையில் கொடுத்தாள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே, "எங்க ஆர்ட்டிஸ்ட் போட்டதும்மா" என்று கடைக்காரர் வேறொரு அம்மாளிடம் விற்றார். பாவம், அவளால் என்ன சொல்ல முடியும்? படத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லையே. 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையையே விற்றுவிட்டாலும் 'இது நான் வரைந்தது' என்று சொல்லும் உரிமை வரைந்தவருக்கு உண்டு என்கிறது. ஆனால் நம்மில் யார் கோர்ட்டுக்குப் போகப் போகிறோம்? மூலையில் நாலு எழுத்து இருந்தால் போதும்.

எந்தப் பெயர் என்பது பெண்களுக்கு ஒரு தனிச் சங்கடம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். வான்கோ 'வின்சென்ட்' என்று தன் சொந்தப் பெயரை மட்டுமே எழுதினார். எனக்கு அது பிடித்திருக்கிறது. எதுவானாலும் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி, படிக்கிறாற்போல இருக்கட்டும். செக்கில் போடும் கிறுக்கல் வேண்டாம்.

கீழே வலது மூலையோ இடது மூலையோ, ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரேம் மறைத்துவிடும். தஞ்சாவூர்ப் படத்தில் தங்க ரேக்கை விட்டு, கீழே விரிப்பு இருக்கும் இடத்தில், அந்த நிறத்தைவிடச் சற்றே அழுத்தமான நிறத்தில், மெல்லிய பிரஷ்ஷால் எழுதினால் உறுத்தாது. கண்ணாடி போடுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது. பால்பாயின்ட் பேனா, ஸ்கெட்ச் பேனா பக்கமே போகாதீர்கள், நாளாவட்டத்தில் வெளுத்துவிடும்.

ஆயில் பெயின்டிங் என்றால் வார்னிஷ் அடிப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். வார்னிஷ் மேல் எழுதினால், பிற்காலத்தில் அழுக்கான வார்னிஷை எடுக்கும்போது பெயரும் கூடவே போய்விடும். வாட்டர் கலருக்குப் பென்சிலே போதும்.

பலகையின் பின்புறம் முழுப்பெயர், ஊர், மாதம், வருடம் எல்லாம் பென்சிலால் எழுதி வையுங்கள். கான்வாஸ் என்றால் துணியில் வேண்டாம், சுற்றியுள்ள மரச்சட்டத்தில் எழுதுங்கள். ஃப்ரேம் கடைக்காரர் பின்னால் அட்டை வைத்து மூடிக் கொடுத்தால், அந்த அட்டையிலும் ஒரு தரம்!