ஓட்டுத் துண்டுகளிற் காணும் உரோமர் வாழ்வு

உரோமப் பேரரசின் வரலாற்றை நூல்வழிக் கற்போர் பேரரசர், படைத்தலைவர், நாவலர் ஆகியோரையே பெரிதும் அறிவர். அப்பேரரசிற் பானை வனைந்தோனும், அப்பம் விற்றோனும், அடிமையாய் உழைத்தோனும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அந்நூல்கள் அரிதாகவே கூறும். அவர்களைப் பற்றி நமக்குச் சான்று பகர்வன மண்ணுட் புதைந்த பொருள்களேயாம்.

கி. பி. 79இல் வெசூவியசு எரிமலையின் சாம்பல் பொம்பெயி நகரை மூடிற்று. ஆங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டவற்றுள் எட்டுக் கூறாக வரையிட்ட வட்டமான அப்பங்கள் கரிந்த நிலையிற் கிடைத்தன. தெருவோரக் கடைகளின் மேடைகளிற் பெரிய சாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. நகர மாந்தர் பலர் கடையுணவை நாடினர் என்பதை இவை காட்டுகின்றன.

ஆயின் உரோமர் வாழ்வின் தடயங்களைக் காண நாம் இத்தாலிக்குச் செல்லவேண்டுவதில்லை. புதுச்சேரிக்கு அணித்தாயுள்ள அரிக்கமேட்டை 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தார். இத்தாலியின் அரேச்சோ நகரத்துச் செந்நிற உண்கலத் துண்டுகள் அங்கே வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் ‘கமூரி’, ‘இத்தா’ என்றாற்போன்ற முத்திரைகள் காணப்பட்டன. இவை கலஞ்செய் பட்டறைகளைச் சுட்டும் பெயர்கள். இவ்வகைக் கலங்கள் பலவற்றிற் பட்டறை உடையவன் பெயரோடு, அவற்றை வனைந்த அடிமையின் பெயரும் பொறிக்கப்படுவதுண்டு. எந்த வரலாற்றாசிரியனும் எழுதாத அடிமையொருவனின் பெயரைக் களிமண் காத்துவைத்திருப்பது வியப்பன்றோ! அங்கே கிடைத்த இருபிடிச் சாடிகளோ திராட்சை மதுவும், ஒலிவ எண்ணெயும், மீன்சாறும் கடல் கடந்து வந்தமையை உணர்த்துகின்றன. பிறநாடு சென்றும் தன்னூர்ச் சுவையை விடமாட்டாத மனித இயல்பு அன்றும் இருந்ததுபோலும்.

எனினும், பொருள்கள் தாமே பேசுவனவல்ல. அவற்றைப் பேசச்செய்வோன் பிழை செய்தலுங் கூடும். உட்புறத்திற் பல்சக்கரக் கோலமிட்ட ஒருவகைக் கலத்தை வீலர் மேலைநாட்டிலிருந்து வந்ததெனக் கருதினார். பின்னர் விமலா பெக்லி முதலியோரின் ஆராய்ச்சியாலும், களிமண்ணின் கூறுகளை ஆய்ந்ததனாலும் அது இந்திய நாட்டுக் கலமே எனத் தெளிவாயிற்று. உரோமர் வருமுன்னரே அரிக்கமேட்டில் மக்கள் குடியிருந்தமையும் புலனாயிற்று. ஒரு துண்டின் பிறப்பிடத்தைப் பிழைபடக் கொண்டால், நம்மவர் கைத்திறன் அயலார்க்குரியதாகிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

இனி, இவ்வாணிகம் ஒருவழிப்பட்டதன்று. எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே துறையின் கோயிலில், இந்தியச் சாடியொன்றுள் ஏறக்குறைய 7.5 கிலோகிராம் மிளகு கண்டெடுக்கப்பட்டது. அக்கரையிலேயே குசேர் அல்-கதீமிற் கிடைத்த ஓடுகளிற் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. மற்றொரு துண்டிற் ‘பானை ஒறி’ என எழுதப்பட்டுள்ளது. பானையைத் தொங்கவிடும் உறியை இது குறிக்கும் என்பர். நம் அடுக்களைச் சொல்லொன்று உரோமரின் ஆட்சிக்குட்பட்ட கரையிலிருந்து எழுந்து நம்மை நோக்குகின்றது.

ஈழநாடும் இவ்வுறவுக்குப் புறம்பானதன்று. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உரோம நாணயங்கள் கிடைத்துள்ளன. 1970இல் நடந்த அகழ்வில் மேற்கூறிய பல்சக்கரக் கோலக் கலங்களும் வெளிப்பட்டன. இலங்கையிற் பலவிடங்களிற் கிடைத்த, நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக் காசுகளோ ஆயிரக்கணக்கின. அவற்றைப் பார்த்து இங்கேயே வார்க்கப்பட்ட போலிக் காசுகளும் உள. அரசன் முகம் எவனுடையதாயினும் சந்தைக்கு வேண்டியது சில்லறையே என்பதை இவை விளக்குகின்றன.

ஆதலின், மாணவர்களே, தோட்டத்தைக் கொத்தும்போது பழைய ஓடு தென்பட்டால், அதனை அழகுப் பொருளாக எடுத்து வீட்டில் வைத்தல் போதாது. எம்மண்ணடுக்கில், எத்துணை ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் நாவாகும். கிடந்த இடத்தினின்றும் குறிப்பின்றிப் பெயர்த்தால் அந்நா அறுபட்டுவிடும். பின்னர் எந்த அறிஞராலும் அதனை ஒட்டவைத்தல் இயலாது. இருந்தவாறே விட்டு, அறிந்தோர்க்கு அறிவிப்பதே கற்றவர் கடன். பெயரற்று மறைந்த எளியோர்க்கு நாம் செய்யத்தக்க நன்றியும் அதுவேயாம்.