நீச்சல் குளம் குளிர்ச்சியாக இருக்க

வெப்பக் காலத்தில் வீட்டு நீச்சல் குளத்து நீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது. அந்நீரில் நீந்துவோரின் உடல் எளிதில் வெப்பத்தை வெளியேற்ற முடிவதில்லை. விரைவில் களைப்பு ஏற்படுகிறது. மேலும், கடும் வெயிலில் குளோரின் வேகமாகக் குறைவதால் பாசியும் வளர்கிறது.

இதைத் தவிர்க்க, முதலில் வெயிலைத் தடுக்க வேண்டும். குளத்திற்கு மேலே, இடைவெளி விட்டு நிழல்வலை கட்டலாம். ஆனால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பை நீரின் மீதே பரப்பக்கூடாது. அது வெயிலை உள்ளே விட்டு, நீர் ஆவியாவதைத் தடுத்து, வெப்பத்தைத் தேக்கிவிடும்.

அடுத்து, நீர் ஆவியாக வழிசெய்ய வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது வெளியேறும் வெப்பம், ஏறக்குறைய 580 லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் குறைக்கப் போதுமானது! எனவே, காற்று குளிர்ந்திருக்கும் இரவு நேரத்தில் சிறு நீரூற்றை இயக்கி நீரைத் தெளிக்கலாம். காற்றில் படும் பரப்பு கூடுவதால் நீர் விரைவில் குளிரும்.

எனினும், மலேசியாவின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆகவே, இங்கு நீர் மெதுவாகவே ஆவியாகும். நீரூற்று இருந்தாலும், பகலில் நிழலே குளத்தின் முதற்காவல்.