புதுக் கைப்பேசி வரும் முன்னே

2024 செப்டம்பர் 10, அதிகாலை 1 மணி. கலிபோர்னியாவில் அப்போது முந்தைய நாள் காலை 10 மணி. ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 16-ஐ மேடையேற்றிய அந்த நேரத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கில் தூங்காமல் விழித்திருந்தவர்களுக்கு அந்தக் கருவி எப்படி இருக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. பின்புறக் கேமராக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், பக்கவாட்டில் படம் எடுக்கத் தனிப் பொத்தான் இருக்கும் என்று மாதக்கணக்கில் செய்திகள் கசிந்துகொண்டிருந்தன. அவை அப்படியே பலித்தன. தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: ரிங்கிட்டில் என்ன விலை?

தொடக்க விலை 3,999 ரிங்கிட் என்று வந்தது. முந்தைய ஆண்டு ஐபோன் 15 வந்தபோது அதன் விலை 4,399. அதாவது புதியது 400 ரிங்கிட் மலிவு. ப்ரோ வகையோ 5,499-இலிருந்து 4,999-க்கு இறங்கியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறித்தான் ஆக வேண்டும் என்று பழகிவிட்ட வாடிக்கையாளர்களுக்கு இது நல்ல சேதி. கணக்கைப் பார்த்தால் காரணமும் விளங்கும். அமெரிக்காவில் இரண்டு ஆண்டும் விலை அதே 799 டாலர். 2023 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 4.70 ரிங்கிட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 4.80-ஐத் தொட்டு, 1998 நிதி நெருக்கடிக்குப் பிறகு காணாத சரிவைக் கண்டது. பிறகு மளமளவென மீண்டு, செப்டம்பரில் 4.30 பக்கம் வந்து நின்றது. கேமரா எத்தனை என்று கசியவிட ஆட்கள் இருக்கிறார்கள். ரிங்கிட் என்ன ஆகும் என்பதைக் கசியவிட யாரும் இல்லை.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவிலும் கைப்பேசிக் கடைக்காரர்களின் காதில் விழும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். “அண்ணே, இப்பவே எடுத்துடலாமா, புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?” அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியும் வரும். “என் பழைய செட்ட இப்பக் குடுத்தா எவ்வளவு வெள்ளி தருவீங்க?” இந்த இரண்டு கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், கசியும் செய்திகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன், மலேசியர்களின் காத்திருப்பு எப்படிச் சுருங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் வந்த முதல் ஐபோன் அதிகாரபூர்வமாக இந்த நாட்டுக்கு வரவே இல்லை. 2008 ஜூலையில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 3ஜி, மேக்சிஸ் வழியாக மலேசியாவை வந்தடைந்தது 2009 மார்ச் 20 அன்று. எட்டு மாதத் தாமதம். அதன் பிறகும் பல ஆண்டுகள் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று நாடுகளின் பட்டியலில்தான் மலேசியா இருந்தது. பொறுமை இல்லாதவர்கள் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தார்கள். 2023-இல் ஐபோன் 15-க்கு அந்தத் தாமதம் ஒரே வாரம்தான். 2024 ஜூன் 22-இல் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் பேரங்காடியில் நாட்டின் முதல் ஆப்பிள் கடை திறந்தது. திறப்புக்கு முந்தைய இரவே அங்கே வரிசை தொடங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று, ஐபோன் 16 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதே நாளில் இங்கேயும் வந்தது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, முசியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி ஏறினால் நான்காவது நிறுத்தத்தில் கடை. எட்டு மாதக் காத்திருப்பு பதினாறு ஆண்டுகளில் ஒரு ரயில் பயணமாகிவிட்டது.

சரி, செய்திகள் எப்படிக் கசிகின்றன?

மலேசியாவில் விற்கப்படும் தொலைத்தொடர்புக் கருவி எதுவாக இருந்தாலும், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிப்படி சிரிம் நிறுவனத்தின் சான்று பெற்றாக வேண்டும். கருவியை அறிமுகப்படுத்திய பிறகு சான்றுக்கு ஓடினால் விற்பனை தாமதமாகும் என்பதால், நிறுவனங்கள் முன்கூட்டியே பதிந்துவிடுகின்றன. பட்டியலில் புதிதாக ஒரு மாதிரி எண் தென்பட்டால் போதும், தொழில்நுட்பச் செய்தியாளர்கள் பிடித்துவிடுவார்கள். இந்தியா, தைவான், சீனா, அமெரிக்கா என ஒவ்வொரு நாட்டிலும் இதுபோன்ற அமைப்பு உண்டு. கசிவுகளிலேயே ஆகப் பெரிய மதிப்பு உடையது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். இதில் ஊகம் குறைவு, ஆவணம் அதிகம். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சிரிம் பட்டியல் சொல்லாது. ஆனால் கருவி இந்த நாட்டுக்கு வரப்போகிறது என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்த ஊற்று, உறை செய்பவர்கள். புதிய கைப்பேசி விற்பனைக்கு வரும் நாளிலேயே அதற்கான உறையும் கண்ணாடித் தகடும் கடையில் தொங்கினால்தான் காசு. அதனால் கசிந்த அளவுகளை வைத்து, உள்ளே எதுவும் இல்லாத பொம்மைக் கருவிகளைச் செய்து, அவற்றின் மேல் அச்சு எடுக்கிறார்கள். ஓர் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேமராவுக்காக வெட்டிய துளை எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், பொத்தான்களுக்கு எத்தனை வெட்டு என்பதைப் பார்த்தாலே வரப்போகும் கருவியின் உடல் தெரிந்துவிடும். 2025-இன் நடுப்பகுதியில் ஐபோன் 17 ப்ரோவுக்கென்று சுற்றிய உறைகளில் கேமராத் துளை ஒரு மூலையில் நிற்காமல் முதுகின் அகலம் முழுவதும் நீண்டிருந்தது. செப்டம்பர் 9 அன்று மேடைக்கு வந்த கருவியும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது, தொழிற்சாலைச் சங்கிலி. ஒரு கைப்பேசிக்கான உதிரிபாகங்கள் பல நாடுகளில் பல நூறு நிறுவனங்களில் உருவாகின்றன. அந்தச் சங்கிலியில் இப்போது தமிழகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் 2022-இல் ஐபோன் 14 உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டு ஐபோன் 15, உலகுக்கு அறிமுகமாவதற்கு முன்பே அங்கே உருவாகத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. கோலாலம்பூரில் ஒருவர் கற்பனை செய்துகொண்டிருக்கும் கருவியைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப்பெண் கையில் பிடித்துப் பொருத்திக்கொண்டிருக்கக்கூடும் என்பது நம் காலத்தின் வியப்பு. இந்தச் சங்கிலியிலிருந்து தகவல் சேகரித்துச் சொல்பவர்களில் இருவர் பெயரை அடிக்கடி கேட்கலாம். ஒருவர் தைவானின் மிங்-சி குவோ, மற்றவர் புளூம்பர்க் செய்தியாளர் மார்க் குர்மன்.

இவர்கள் சொல்வதும் தவறுவதுண்டு. ஐபோன் 15 ப்ரோவில் அழுத்தினால் அசையாத, அதிர்வு மட்டும் தரும் பொத்தான்கள் வரும் என்று குவோ முதலில் சொன்னார். 2023 ஏப்ரலில், தொழில்நுட்பச் சிக்கலால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாக அவரே அறிவித்தார். முதல் செய்தியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. திட்டம் இருந்தது, பிறகு மாறியது. அறிமுகத்துக்கு ஓராண்டு முன் வரும் செய்தியையும், ஒரு மாதம் முன் வரும் செய்தியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தற்செயலாகக் கசிந்த கதைகளும் உண்டு. 2010-இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் மறந்துவிட்டுப் போன சோதனைக் கருவி, 5,000 டாலருக்கு ஒரு செய்தித் தளத்தின் கைக்குப் போனது. ஐபோன் 4-இன் முகம் அறிமுகத்துக்கு ஏழு வாரம் முன்பே உலகுக்குத் தெரிந்துவிட்டது. கூகுள் வேறு வழியைப் பிடித்தது. 2019 ஜூனில் பிக்சல் 4-இன் படங்கள் கசியத் தொடங்கியதும், அறிமுகத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போதே தன் கருவியின் பின்புறப் படத்தைத் தானே வெளியிட்டது.

ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் ரகசியத்தைக் கட்டிக் காக்கவே பாடுபடுகின்றன. ஏன் என்பதற்கான விடையில் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளையின் கதை இருக்கிறது. ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியவர், அவரைப் பற்றிப் பல நூல்கள் எழுதியவர். ஆடமின் சிறுவயது திருவண்ணாமலையில் கழிந்தது. தமிழ் நன்றாகப் பேசுவார். பிற்காலத்தில் அமெரிக்காவில் 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கொண்டுவந்தார். எடை 11 கிலோ, விலை 1,795 டாலர். கையில் தூக்கிப் போகக்கூடிய கணினியாக வணிக வெற்றி பெற்ற முதல் கருவி அது. 1983-இல், இதைவிடச் சிறந்த அடுத்த கணினி வருகிறது என்ற பேச்சை நிறுவனம் முன்கூட்டியே கிளப்பிவிட்டது. கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள். புதியதோ கைக்கு வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. போட்டிக் கணினிகளும் அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்று பின்னர் எழுதியவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அடுத்ததைப் பற்றிய பேச்சே இன்றைய சரக்கைத் தின்றுவிடும் நிலைக்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆடம் 2003-இல் கொடைக்கானலில் மறைந்தார். கடைக்காரரிடம் “புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கலாமா” என்று ஒருவர் கேட்கும்போது, ஆடமை வீழ்த்திய அதே கேள்விதான் மறுபடி கேட்கப்படுகிறது.

எதிர்பார்ப்பைத் திட்டமிட்டு வளர்க்கும் கலையும் உண்டு. அதன் உச்சத்தைக் கோலாலம்பூர் நேரில் கண்டது. மூன்றாக மடியும் ஹுவாவெய் மேட் எக்ஸ்டி, சீனாவில் 2024 செப்டம்பர் 10 அன்று, ஐபோன் 16 வந்த சில மணி நேரத்தில் அறிமுகமானது. விலை தெரியும் முன்பே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்திருந்தார்கள். பணம் கட்டத் தேவையில்லாத முன்பதிவு அது. ஆகவே அந்த எண் ஆர்வத்தின் அளவே தவிர விற்பனையின் அளவாகாது. அந்தக் கருவி சீனாவுக்கு வெளியே வருமா என்ற பேச்சு ஐந்து மாதம் நீடித்து, 2025 பிப்ரவரி 18 அன்று கோலாலம்பூரில் முடிவுக்கு வந்தது. உலக அறிமுகத்துக்கு இந்த நகரத்தைத்தான் ஹுவாவெய் தேர்ந்தெடுத்தது. விரித்தால் 10.2 அங்குலத் திரை, மிக மெல்லிய இடத்தில் 3.6 மில்லிமீட்டர் தடிமன். விலை 14,999 ரிங்கிட். அதே மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒன்பது மாத உழைப்பு. 2019-இல் அமெரிக்கா விதித்த தடையால் அதில் கூகுள் சேவைகளும் இல்லை. தொழில்நுட்பத்தின் எல்லையைக் காட்ட வந்த காட்சிப்பொருளாக அதைப் பார்க்கலாம். கசிவுச் செய்தியைப் படித்து ஆசைப்பட வேண்டிய பொருளாகச் சராசரி குடும்பம் அதைப் பார்க்கக் கூடாது.

கசிவுகள் ஒருபோதும் பேசாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்று இளைஞர்கள் கேமராவைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களின் பெற்றோர் புதுக் கைப்பேசி வாங்கும்போது கேட்டது, “இதுல தமிழ் தெரியுமா?” பல ஆண்டுகள் அதற்குக் கிடைத்த பதில் வெறும் கட்டங்கள். அந்த நிலை மாறியதில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பங்கு பெரிது. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கியவர் அவர். ஆப்பிள் கருவிகளோடு வரும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்துகள் அவர் பெயரைக் குறிப்பவை. எந்த அறிமுக மேடையிலும் கைதட்டல் பெறாத இந்த வேலைதான் இன்று பிரிக்பீல்ட்ஸ் பாட்டி பேத்திக்குத் தமிழில் வாட்ஸ்அப் அனுப்ப வழி செய்திருக்கிறது.

இனி, கடைக்காரரிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். வடிவம், கேமரா, திரை அளவு குறித்த செய்திகளை அறிமுகத்துக்கு முந்தைய மாதத்தில் ஓரளவு நம்பலாம். ரிங்கிட் விலையை மேடையில் சொல்லும் வரை நம்ப வேண்டாம். புதியது வந்ததும் முந்தைய ஆண்டின் சாதாரண ஐபோனின் விலையை ஆப்பிள் குறைப்பது வழக்கம். ப்ரோ வகையைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிடும். ஆகவே பழைய மாடலே போதும் என்பவர் செப்டம்பர் வரை பொறுப்பது லாபம். பழைய செட்டை விற்க நினைப்பவர் அதற்கு முன்பே விற்பது லாபம். கைப்பேசி உடைந்து, அதை நம்பித்தான் அன்றாட வேலையே என்றால் எந்தக் கசிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அறிவிக்கப்படாத கைப்பேசிக்கு யார் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உண்மையான ஐபோன் முன்பதிவு, வழக்கமாக அறிமுக வாரத்தின் வெள்ளிக்கிழமை மலேசிய நேரம் இரவு 8 மணிக்குத்தான் திறக்கும். வாங்கும் முன் “ஒரி செட்டா, ஏபி செட்டா” என்று கேட்டுவிடுங்கள். ஏபி செட் என்றால் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராதது, உத்தரவாதம் பெரும்பாலும் அந்தக் கடையோடு நின்றுவிடும். சிரிம் முத்திரையைச் சரிபார்க்க ‘செக் யுவர் லேபல்’ என்ற செயலி இருக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட்.